காலி டப்பாத் திட்டமும் மீதி இரண்டு மாத்திரையும்

வாரத்துக்கு ஏழு நாள் என்று முடிவு செய்தவர் யாரென்று தெரியாது. ஒரு டப்பாவுக்கு முப்பது மாத்திரை என்று முடிவு செய்தவர் நிச்சயமாக வேறொருவர். இருவரும் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசியிருந்தால், ஜவ்வாது மலையில் சாமை விதைத்துப் பிழைக்கும் விஜயராஜ் அரசுச் சொத்தைக் களவாடியவர் என்று பெயர் எடுத்திருக்க மாட்டார்.

விஜயராஜுக்கு வயது முப்பத்தெட்டு. ஈரலில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது மூன்று வருடத்துக்கு முன் ஒரு முகாமில் தெரியவந்தது. தினம் ஒரு மாத்திரை என்றார்கள். சாப்பிட்டார். உடம்பு தேறியது. தேறிய உடம்புக்கு எதற்கு மாத்திரை என்று ஒரு சாமை அறுப்பின்போது அவராகவே நிறுத்தினார். ஏழாவது வாரம் கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தார். பிழைத்து எழுந்த அன்று அந்த வார்டு டாக்டரம்மா சொன்னார்:

"இது கிருமியைக் கொன்னுடுற மாத்திரை இல்லீங்க. கட்டிப் போட்டு வச்சிருக்கிற மாத்திரை. ரிப்போர்ட்ல கிருமியே தெரியலைன்னாலும், உங்களுக்கு ஒடம்பு கல்லு மாதிரி இருந்தாலும், டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாது. ஆயுசுக்கும்னு வச்சுக்குங்க."

அடுத்த மாதம் டாக்டரம்மாவுக்கு மாற்றல் வந்தது. அவர் சொன்னதற்கு வரவில்லை. தினம் காலை ஆறு மணிக்கு விஜயராஜின் மனைவி கலைவாணி ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து, அவர் விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்ப்பாள். முட்டையை ஒளித்து வைக்கும் கோழியிடம்கூட அவள் அவ்வளவு சந்தேகம் காட்டியதில்லை.

மாத்திரை அடிவாரத்து மருத்துவமனையில் இலவசம். ஆனால் ஈரல் பிரிவு செவ்வாய்க்கிழமை மட்டும். திங்கள் சர்க்கரை, புதன் கர்ப்பம், வியாழன் கண், வெள்ளி நாய்க்கடி. நான்கு வாரத்துக்கு ஒரு செவ்வாய் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, டப்பா வாங்கி, மூன்றரை மணி பஸ்ஸில் ஏறிவிடுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிருமியும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று ரத்தம் எடுப்பார்கள். அவ்வளவுதான். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. ஆகவே அதைச் சீர்திருத்த வேண்டியதாயிற்று.

சீர்திருத்த வந்தவர் டாக்டர் ஆதிநாராயணன், புதிய தலைமை மருத்துவர். வந்த மூன்றாம் வாரமே 'காலி டப்பாத் திட்டம்' தொடங்கினார். வாசலில் பந்தல். மேடையில் வெல்வெட் துணி விரித்து, அதன்மேல் ஒரு காலி மாத்திரை டப்பா. அதற்கு மாலை. டாக்டர் பேசினார்:

"நோயாளி மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது நமக்குத் தெரியாது. நோயாளி சொல்வதை நம்ப முடியாது. நோயாளியைப் பரிசோதிக்க நேரம் கிடையாது. ஆனால் டப்பா பொய் சொல்லாது! வீட்டில் கேஸ் எப்படி வாங்குகிறோம்? காலி சிலிண்டர் கொடுத்தால்தான் முழு சிலிண்டர். இனிமேல் காலி டப்பா கொடுத்தால்தான் முழு டப்பா. இன்று முதல் இந்த மருத்துவமனை டப்பாவுக்கு வைத்தியம் பார்க்கும்!"

பலத்த கைதட்டல். அன்று ஈரல் பிரிவில் இருந்த பதினோரு பேருக்கும் டாக்டர் கையாலேயே ஆளுக்கொரு புது டப்பா. மறுநாள் புதன்கிழமை காலை பதினோரு வீட்டிலும் முதல் மாத்திரை.

நான்கு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை, மலை பஸ் முதலில் வருவதால் விஜயராஜும் கலைவாணியும் வரிசையில் முதலில் நின்றார்கள். பின்னால் ஆலங்காயத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சேட்டு. அவருக்கு ஒன்பது வருட மாத்திரை அனுபவம். அவருக்குப் பின்னால் மீதி ஒன்பது பேர்.

மருந்தாளுநர் கோகுலகிருஷ்ணன் டப்பாவை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டினார்.

"சத்தம் வருதே."

"ரெண்டு கீது சார்," என்றார் விஜயராஜ். "இன்னிக்கி இருவத்தெட்டு ஆச்சி. நாளைக்கி ஒண்ணு, நாளான்னிக்கி ஒண்ணு துன்னா காலி."

"அப்ப நாளான்னிக்கு வாங்க."

"அன்னிக்கி கண்ணு டாக்டர் இல்ல இருப்பாரு?"

"ஆமா. அவர் ஈரல் மாத்திரை தர மாட்டார்."

"அப்ப?"

"அடுத்த செவ்வாய்."

விஜயராஜ் விரலை மடக்கினார். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஒரு கை முடிந்துவிட்டது. "நடுவுல அஞ்சு நாளு இன்னா சார் துன்றது?"

"அது என் கவுண்டர்ல வராதுங்க. ஆலோசகர்கிட்ட போங்க."

ஆலோசகர் நிவேதாவின் மேசையில் ஒரு படிவம் இருந்தது. 'மாத்திரை மிச்சமானதற்குக் காரணம்' என்ற கேள்விக்கு நான்கு கட்டங்கள்: மறதி, மது, மாந்திரீகம், மற்றவை.

"எதுங்க ஐயா?"

"நாளு இன்னும் வரலம்மா. அதான் மிச்சம்."

நிவேதா 'மற்றவை'யில் குறியிட்டு, பக்கத்தில் 'நாள் வரவில்லை என்று நோயாளி நம்புகிறார்' என்று எழுதினாள். கம்ப்யூட்டரில் தட்டியதும் விஜயராஜின் பெயர் மஞ்சளானது. மஞ்சளை அவர் ஏற்கெனவே கண்ணாடியில் பார்த்தவர்.

"பயப்படாதீங்க. மஞ்சள்னா ஒழுங்கா மாத்திரை சாப்பிடாதவர்னு அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல. இனிமே ஒருநாள்கூட விடாம சாப்பிடணும், சரிங்களா?"

"சரிம்மா. அந்த அஞ்சு நாளு?"

"அந்த அஞ்சு நாள் எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. ஆனா ஒருநாள்கூட விடக் கூடாது."

நிவேதா நல்ல பெண். தான் சொன்னதைத் தானே ஒருமுறை காதில் வாங்கிக்கொண்டு, தலை குனிந்து, அடுத்த படிவத்தை எடுத்தாள்.

வெளியே சேட்டு பிடித்துக்கொண்டார். "இன்னாபா, வெவரம் கெட்ட ஆளா கீறே? ரெண்டையும் எடுத்து ஜோபில போடு. காலி டப்பாவ நீட்டு. கதை முடிஞ்சிது."

விஜயராஜ் இரண்டு மாத்திரையையும் பஸ் டிக்கெட்டில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் திரும்ப நின்று, காலி டப்பாவை நீட்டினார்.

கோகுலகிருஷ்ணன் ஆட்டினார். சத்தம் இல்லை. முகத்தில் திருப்தி தெரிந்தது. எண்ணைத் தட்டினார். கம்ப்யூட்டர் இப்போது சிவப்பானது.

"இன்னிக்கு இருபத்தெட்டாம் நாள். முப்பதும் காலி. ரெண்டு மாத்திரை அதிகமா சாப்பிட்டிருக்கீங்க!"

"இல்ல சார், இப்பதான் பார்த்தீங்களே…"

"நான் பார்த்தது வேற, மெஷின் பார்க்கிறது வேற. அளவுக்கு மீறி சாப்பிட்டா சிறுநீரகம் போயிடும். ரத்தம் எடுத்து, ரிசல்ட் வர்ற வரைக்கும் மாத்திரை நிறுத்தம்."

"ரிசல்ட் எப்ப வரும்?"

"செவ்வாய்."

நிறுத்தம் என்ற சொல் கேட்டதும் விஜயராஜுக்கு அந்தப் பத்தொன்பது நாளும் வரிசையாக வந்து முன்னால் நின்றன. சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். "சார், துன்னலை சார். இந்தா கீது பாருங்க."

கோகுலகிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். பதினேழு வருடச் சர்வீசில் அவர் எழுந்தது இது மூன்றாவது முறை.

"அரசாங்க மாத்திரைய டப்பாவ விட்டு வெளிய எடுத்து ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

பத்து நிமிடத்தில் டாக்டர் ஆதிநாராயணனின் அறையில் மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. டாக்டர் தலைவர், கோகுலகிருஷ்ணன் செயலர், நிவேதா உறுப்பினர். இரண்டு மாத்திரையும் காக்கி உறைக்குள் போயின. உறைமேல் அரக்கு. அரக்கின்மேல் முத்திரை. 'கைப்பற்றப்பட்ட பொருள்' என்று எழுதி, விஜயராஜிடமே கையெழுத்தும் வாங்கினார்கள்.

இப்படியாக, காலையில் இரண்டு நாளைக்கு மாத்திரை வைத்திருந்த ஒரு மனிதர், மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு முன் ஒன்றுமில்லாதவர் ஆனார்.

குழு அமைந்தபோதே மருந்துக் கடைகளுக்கு ஓடிப்போய்த் திரும்பிய கலைவாணி வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். இப்போது உள்ளே வந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, உட்கார்ந்தாள். கதவைச் சாத்திவிட்டு, கீழே, தரையில், அதற்குக் குறுக்கே.

"ஐயா, இவருக்கு நாளைக்கிக் காலைல ஆறு மணிக்கு ஒரு மாத்திரை வோணும். குடுத்தீங்கன்னா நான் எழுந்து போய்ட்டே இருப்பேன்."

"அம்மா, விசாரணை நடக்குது. கடையில வாங்கிக்குங்களேன்," என்றார் டாக்டர்.

"கேட்டுட்டேன். இங்க எந்தக் கடையிலயும் இல்ல. வேலூர்ல இருந்து வர வெள்ளிக்கெழம ஆவுமாம். டாக்டர் சீட்டும் கேக்கறான்."

"சீட்டு ஃபைல்ல இருக்கே."

"ஃபைலக் குடுங்க."

"ஃபைல் விசாரணையில இருக்கே."

கலைவாணி சிறிது யோசித்தாள். "ஐயா, காஸ் சிலிண்டரு கத சொன்னீங்களாமே. உங்க வூட்ல எத்தினி சிலிண்டரு?"

டாக்டர் கேள்வியின் போக்குப் புரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். "ரெண்டு."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு தீர்ந்துட்டா அடுப்பு அணைஞ்சிடக் கூடாதில்ல?"

நிவேதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, அடுப்பு வேற, ஈரல் வேற. அடுப்பு அணைஞ்சா நான் பட்டினி. உணர்ச்சிவசப்படக் கூடாது. தனிப்பட்ட ஒருத்தருக்காக விதியை மாத்தினா, விதி சரியில்லைன்னு ஆயிடும். விதி சரியில்லைன்னா அதை யார் போட்டாங்கன்னு கேப்பாங்க. யார் போட்டாங்கன்னு கேட்டா…" அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். பேச்சு தன் வீட்டு விலாசத்தை நோக்கிப் போவதை அவரே கவனித்துவிட்டார்.

மணி இரண்டே கால். மூன்றரை பஸ்ஸை விட்டால் மலைக்கு ஜீப் கிடைப்பது சந்தேகம். விஜயராஜ் உட்கார முடியாமல் எழுவதும், எழுந்து நிற்க முடியாமல் உட்காருவதுமாக இருந்தார். கலைவாணி கதவை மறித்திருந்ததால் குழுவும் சாப்பிடப் போக முடியவில்லை. அந்த நேரத்தில்தான் கோகுலகிருஷ்ணனின் பதினேழு வருடச் சர்வீஸ் வேலை செய்தது.

"சார், ஒரு நடைமுறைச் சிக்கல்," என்றார். "கைப்பற்றின பொருளைப் பத்திரமா வைக்கணும். முப்பது டிகிரிக்குக் கீழே, உலர்ந்த இடத்துலன்னு டப்பாவுலயே போட்டிருக்கு. நம்ம ஸ்டோர் ரூம் முப்பத்தொன்பது டிகிரி."

"என் ரூம்ல ஏ.சி. இருக்கே."

"நீங்க விசாரணைத் தலைவர். சாட்சியப் பொருளை உங்க ரூம்ல வச்சா நடுநிலை கெட்டுடும் சார்."

டாக்டருக்கு அது பிடித்திருந்தது. "சரி. வேற எங்க குளிர்ச்சியா இருக்கும்?"

கோகுலகிருஷ்ணன் கூரையைப் பார்த்தார். "ஜவ்வாது மலையில இருக்கும் சார்."

"அங்க யார் நமக்குப் பொறுப்பு?"

எல்லோரும் விஜயராஜைப் பார்த்தார்கள்.

"இன்னொண்ணும் இருக்கு சார். இந்த ரெண்டு மாத்திரையும் நம்ம மாத்திரைதானான்னு ஒப்பிட்டுப் பார்க்கணும். அதுக்கு அதே மருந்துல பிரிக்காத டப்பா ஒண்ணு, ஒப்பீட்டு மாதிரியா, சாட்சியப் பொருளோட கூடவே இருக்கணும். நோயாளிக்கு டப்பா கொடுக்கத்தான் தடை. சாட்சியப் பாதுகாவலருக்குக் கொடுக்கத் தடை இல்ல. குழு மறுபடி நாலு வாரம் கழிச்சுத்தானே கூடும்."

டாக்டர் ஆதிநாராயணன் நீண்ட நேரம் யோசித்தார். விதி எங்கேயும் வளையவில்லை என்பதை மூன்று கோணத்தில் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். மணி மூன்று. விஜயராஜின் ஒரு கையில் அரக்கு வைத்த உறை, மறு கையில் முப்பது மாத்திரை கொண்ட புது டப்பா.

"இத நான் துன்னலாமா சார்?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"கூடாது!" என்று கோகுலகிருஷ்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். பிறகு டப்பாவைத் துணிப்பைக்குள் வைக்கிற சாக்கில் குனிந்து, "காலைல ஆறு மணிக்குத்தானே?" என்றார்.

கதவைத் திறந்தபோது வெளியே சேட்டு நின்றிருந்தார். பின்னால் ஒன்பது பேர். எல்லார் உள்ளங்கையிலும் இரண்டு இரண்டு மாத்திரை. சாவித் துவாரம் வழியே அவர்கள் விசாரணை முழுவதையும் கவனித்திருந்தார்கள்.

"சார், நானும் திருடிட்டேன்," என்றார் சேட்டு, பணிவாக.

"நானும் சார்."

"எனக்கு முன்னாடியே இவன் வந்துட்டான் சார், ஆனா மொதல்ல திருடுனது நான்."

கோகுலகிருஷ்ணன் அரக்குக் குச்சியைத் திரும்பச் சூடாக்கினார். அன்று மாலைக்குள் பத்து உறை, பத்து ஒப்பீட்டு மாதிரி, பத்துப் பாதுகாவலர்கள். டாக்டருக்குக் கை வலித்தது. ஆனால் இவ்வளவு பெரிய முறைகேட்டைத் தன் திட்டம் ஒரே நாளில் வெளிக்கொண்டு வந்ததை நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்பினார்: 'திட்டம் வெற்றி. நூற்றுக்கு நூறு சதவீத நோயாளிகள் பிடிபட்டனர்.'

நான்கு வாரம் கழித்து முதல் அமர்வு. ஒப்பீட்டு மாதிரியை எண்ணினார்கள். முப்பது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தது.

"மீதி இருபத்தெட்டு எங்கே?" என்றார் டாக்டர்.

"தெரியல சார். தெனமும் ஒண்ணு ஒண்ணா கொறையுது," என்றார் விஜயராஜ்.

பதினோரு பேருக்கும் அப்படியே குறைந்திருந்தது. ஒரே வேகம், ஒரே நேரம். இது தனிக் குற்றம் என்று டாக்டர் முடிவு செய்தார். 'சாட்சியச் சிதைவு' என்று இரண்டாவது ஃபைல் திறந்தது. ஒப்பிட மாதிரி இல்லாததால் ஆளுக்கொரு புது மாதிரி. குறைந்துபோன பழைய மாதிரியும் அதே வழக்கின் பொருள் என்பதால் அதுவும் பாதுகாவலரிடமே. கலைவாணி அந்த இரண்டைத் தனியாக வைத்தாள். அடுத்த அமர்வில் நான்கு சேர்ந்தது. அதற்கடுத்து ஆறு. மலையில் மழை பிடித்து, சாலையில் மரம் விழுந்து நான்கு நாள் பஸ் வராதபோது, வீட்டில் மாத்திரை இருந்தது. ஆறு மாதப் பரிசோதனையில் கிருமி தெரியவில்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. ரிப்போர்ட் நன்றாக வந்ததும் விஜயராஜ் நிறுத்திவிடவில்லை. தன் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்காக அவர் மாத்திரை சாப்பிட்டதே குற்றவாளி ஆன பிறகுதான்.

இந்த நிலையில் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. 'நிலுவையில் உள்ள விசாரணைகள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் இருக்க வேண்டுமாம். அடுத்த செவ்வாய் டாக்டர் ஆதிநாராயணன் பதினோரு பேரையும் வராந்தாவில் நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க எல்லாருக்கும் நல்ல செய்தி. யார் மேலயும் தப்பு இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். இருபத்திரண்டு ஃபைலையும் மூடியாச்சு. இன்னிக்கிலேர்ந்து நீங்க நிரபராதி. பழையபடி சாதாரண நோயாளி. காலி டப்பாவோட வந்தீங்கன்னா…"

அவர் முடிக்கவில்லை.

"ஐயோ, ஐயா!" சேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எங்க வயித்துல அடிக்காதீங்க ஐயா! நான் ஒன்பது வருசமா ஃபிராடு ஐயா!"

"ஐயா, இந்தாளு திருடன்தான்," என்று கலைவாணி விஜயராஜைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "நான் சாட்சி. ஆறு மணியானா தெனம் எடுத்து வாயில போட்டுக்கறான். என் கண்ணால பாத்தேன். இப்பிடி வுட்டுட்டுப் போனா நாளைக்கி நாட்டுல நாயம் இன்னா ஆவறது?"

"அம்மா, நான்தான் மன்னிச்சுட்டேனே…"

"யாரக் கேட்டு மன்னிச்சீங்க?"

வராந்தா முழுக்க ஒப்புதல் வாக்குமூலம். ஒருவர் தான் இரண்டு அல்ல, நான்கு திருடியதாகச் சொன்னார். இன்னொருவர், கண் பிரிவிலும் ஒரு சொட்டு மருந்து எடுத்ததாக, செய்யாததையும் சேர்த்துக்கொண்டார். டாக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோகுலகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"தானா வந்து குற்றத்தை ஒத்துக்கிட்டா வாங்கிக்க மாட்டேன்னு சொல்ல விதி இருக்கா?"

"இல்ல சார். ஆய்வு முடிஞ்ச மறுநாள் தேதி போட்டுக்கலாம். அதுவரைக்கும் நிலுவை பூஜ்யம்தான். மாதிரி மட்டும் இன்னிக்கே கொடுத்துடலாம்."

கோகுலகிருஷ்ணன் புது நோட்டைப் பிரித்து, மேலே கோடு போட்டு, பேனாவைத் திறந்தார். முதலில் நின்றவர் விஜயராஜ்.

"பேரு, வயசு எல்லாம் இருக்கு. குற்றம் என்னன்னு எழுதட்டும்?"

விஜயராஜ் கலைவாணியைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார்.

"எதுனா எழுதுங்க சார். ஆனா கொஞ்சம் பெருசா எழுதுங்க. ஆயுசுக்கும் வர்ற மாதிரி."